‘வந்துகினு கீறான்’ சொல்லத் தெரிந்தவளுக்கு ஆங்கில இலக்கணம்

வியாசர்பாடியிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறாள். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், இப்போது பி.ஏ. ஆங்கிலம் முதலாண்டு. ஆறாவதிலிருந்து கிராமரை மனப்பாடம் செய்தும் ஒன்றும் தங்கவில்லையாம். இப்போது லிங்குவிஸ்டிக்ஸ், அதாவது மொழியியல் என்று தனியாக ஒரு பேப்பர் வேறு. ஃபோனீம், மார்ஃபீம், சின்டாக்ஸ், ஆஸ்பெக்ட் என்று வார்த்தைகள் வந்து விழுகின்றன, எதை முதலில் பிடிப்பது என்கிறாள். கடைசியில் ஒரு வரி: ‘வீட்டுல பேசற பாஷையை விட்டாத்தான் இங்கிலீஷ் வரும்னு சொல்றாங்க அக்கா, நிஜமா?’

நிஜம் இல்லைம்மா. அந்தப் பாஷையிலிருந்துதான் தொடங்கப் போகிறோம்.

நானும் காசிமேட்டுக்காரிதான். அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். பழைய வண்ணாரப்பேட்டையில் பல வருஷமாகச் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் உன்னைப் போலத்தான்: விதி எல்லாம் தெரியும், எதற்கு அந்த விதி என்று மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உன் தெருவில் ஒருத்தனைப் பற்றி விசாரித்தால் இரண்டு விதமாகப் பதில் வரும். ஒன்று, ‘வந்துகினு கீறான்.’ இன்னொன்று, ‘வந்து கீறான்.’ முதலாவது என்றால் ஆள் இன்னும் வழியில் இருக்கிறான், இப்போதே டீ சொன்னால் ஆறிவிடும். இரண்டாவது என்றால் ஆள் வந்தாயிற்று, டீ சொல்லலாம். இந்த வித்தியாசம் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். இப்போது உடைத்துப் பார். ‘வந்து’ வினை. ‘கினு’ என்பது ‘கொண்டு’ தேய்ந்து வந்தது. ‘கீறான்’ என்பது ‘இருக்கிறான்’ சுருங்கியது. அதன் கடைசியில் இருக்கிற ‘ஆன்’, ஆள் ஒருவன், ஆண், படர்க்கை என்று மூன்று செய்தியைச் சொல்கிறது. இப்படி இதற்கு மேல் உடைத்தால் அர்த்தம் போய்விடும் என்கிற அளவுக்குச் சின்னத் துண்டுதான் மார்ஃபீம். தமிழில் உருபன் என்பார்கள். பயப்பட இதில் ஒன்றுமில்லை.

அந்த இரண்டு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் சொல். ‘ஹி இஸ் கமிங்.’ ‘ஹி ஹாஸ் கம்.’ காலம் என்று பார்த்தால் இரண்டும் நிகழ்காலம்தான். இஸ், ஹாஸ் இரண்டும் நிகழ்கால வடிவங்கள். அப்புறம் எதில் வித்தியாசம்? வேலை நடுவில் இருக்கிறதா, முடிந்து அதன் பலன் இப்போது இருக்கிறதா என்பதில். எப்போது என்று கேட்டால் டென்ஸ். எந்த நிலையில் என்று கேட்டால் ஆஸ்பெக்ட். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு டென்ஸ் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் பண்ண வைத்தார்களே, அது மூன்று காலத்தை நான்கு நிலையால் பெருக்கினது, அவ்வளவுதான். கண்டிப்பாகப் பார்த்தால் ஆங்கில வினைச்சொல் தன் உருவத்தை மாற்றிக் காட்டும் காலம் இரண்டுதான்: இறந்தகாலம், இறந்தகாலம் அல்லாதது. எதிர்காலத்துக்கென்று விகுதி கிடையாது, ‘வில்’ என்று ஒரு துணையாளைக் கூப்பிட்டுக்கொள்கிறது. தமிழ்தான் மூன்று காலத்துக்கும் வினைக்குள்ளேயே இடைநிலை வைத்திருக்கிறது. வந்தான், வருகிறான், வருவான். அந்த விதத்தில் நீ ஏற்கெனவே கடினமான கணக்கைப் போட்டுப் பழகியவள்.

‘கினுவந்து கீறான்’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? மாட்டாய். யாரும் சொல்லித் தரவில்லை, புத்தகத்தில் இல்லை, ஆனாலும் ஒருத்தரும் மாற்றிச் சொல்வதில்லை. மொழியியலில் இலக்கணம் என்பதே இதுதான், பேசுகிறவர் தலைக்குள் இருக்கிற ஒழுங்கு. அதை உள்ளபடி எழுதிவைப்பது விவரிப்பு இலக்கணம். ‘இப்படித்தான் பேசணும்’ என்று சட்டம் போடுவது விதிப்பு இலக்கணம். உன் பேப்பரில் முதல் யூனிட்டிலேயே இந்த வேறுபாடு வரும். அதற்காகப் பரீட்சையில் ‘கீறான்’ என்று எழுதச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு ஒரு உடுப்பு, கருவாடு காயவைக்க ஒரு உடுப்பு. ஆனால் இரண்டாவது உடுப்பே இல்லை என்று சொன்னால் அது பொய்.

இனி உன் பேப்பரிலேயே மிகவும் ருசியான இடத்துக்கு வருகிறேன்.

‘வந்திருக்கலாம்’ என்று ஒரு சொல். பிரித்தால் வந்து, இருக்க, லாம். இதற்கு ஆங்கிலம் ‘மே ஹாவ் கம்’. லாம் என்பதற்கு மே, இருக்க என்பதற்கு ஹாவ், வந்து என்பதற்கு கம். அப்படியே தலைகீழ். டியூஷனில் இதைக் காட்ட நான் பழைய தினசரி காலண்டர் தாளைப் பயன்படுத்துவேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்குமே, அதில் ஒரு தாளில் ‘வந்து’, ஒன்றில் ‘இருக்க’, ஒன்றில் ‘லாம்’ என்று எழுதி மூன்று பிள்ளைகளிடம் கொடுத்து வரிசையாக நிற்கவைப்பேன். ஒவ்வொரு தாளின் மறுபக்கத்தில், தேதிக்கு மேல், தடித்த ஸ்கெட்ச் பேனாவால் அதற்கான ஆங்கிலம் இருக்கும். ‘அப்படியே தாளைத் திருப்புங்க, இப்ப அந்தக் கோடியிலேர்ந்து படிங்க’ என்பேன். மே, ஹாவ், கம். ஒரு தடவை வரிசையில் கடைசியில் நின்ற பையன், ‘டீச்சர், நான் தமிழ்ல லாஸ்ட்டு, இங்கிலீஷ்ல ஃபர்ஸ்ட்டு’ என்றான். சின்டாக்ஸ், அதாவது சொற்கள் எப்படித் தொடராகின்றன என்கிற பாடம் முழுவதையும் அவன் ஒரே வரியில் முடித்துவிட்டான்.

இது ஒரு சொல்லோடு நிற்பதில்லை. ‘பாலத்துக்குக் கீழே’ என்கிறோம், அவர்கள் ‘அண்டர் தி பிரிட்ஜ்’ என்கிறார்கள். நமக்குக் ‘கீழே’ பின்னால், அவர்களுக்கு ‘அண்டர்’ முன்னால். அதனால்தான் அதற்கு ப்ரெபோசிஷன், முன்னிடைச்சொல் என்று பெயர். நம்முடையது பின்னிடைச்சொல். ‘நேற்று காசிமேட்டில் நான் வாங்கின மீன்’ என்பதை எடுத்துக்கொள். தமிழில் மீனைப் பற்றிய முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் மீனையே காட்டுகிறோம். ஆங்கிலத்தில் மீனை முதலில் மேசையில் போட்டுவிட்டு அப்புறம் கதை: ‘தி ஃபிஷ் தட் ஐ பாட் இன் காசிமேடு எஸ்டர்டே.’ நேற்று நமக்கு முதலில், அவர்களுக்குக் கடைசியில். தமிழில் இதைப் பெயரெச்சம் என்று பத்தாவதிலேயே படித்திருப்பாய். ஆங்கிலத்தில் ரிலேட்டிவ் கிளாஸ். ஒரே வேலையைச் செய்கிற இரண்டு பேர், ஒருத்தர் வாசலில் நிற்கிறார், ஒருத்தர் கொல்லையில் நிற்கிறார்.

இது தற்செயலா என்று கேட்டால், இல்லை. ஜோசஃப் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1963-ல் வெளியிட்ட கட்டுரையில் முப்பது மொழிகளை எடுத்துவைத்துப் பார்த்தார். வினை கடைசியில் வரும் மொழிகளில் ‘கீழே’, ‘மேலே’, ‘இல்’ மாதிரியானவை பெயருக்குப் பின்னால் வருவதுதான் வழக்கம் என்று கண்டார். வினை செயப்படுபொருளுக்கு முன் வருகிற மொழிகளில் அவை பெரும்பாலும் முன்னால் போய்விடுகின்றன. ஜப்பானியமும் துருக்கியும் இந்த விஷயத்தில் நம் பக்கம். எல்லாமே தலைகீழ் என்று நினைத்துவிடாதே, ‘பெரிய மீன்’ அங்கேயும் ‘பிக் ஃபிஷ்’தான். ஆனால் வினையைச் சுற்றி இருக்கிற விஷயங்களில் இந்தக் கண்ணாடி ரொம்ப தூரம் வேலை செய்யும். நீண்ட ஆங்கில வாக்கியத்தில் மாட்டிக்கொண்டால் வினையைத் தேடு, அதற்குப் பின்னால் இருப்பதைக் கடைசியிலிருந்து படித்துக்கொண்டு வா. தமிழ் தானாக விழும்.

வரிசை ஏன் அங்கே இவ்வளவு முக்கியம்? ‘சுறா வஞ்சிரத்தைத் தின்றது.’ இதை ‘வஞ்சிரத்தைச் சுறா தின்றது’ என்று மாற்று, ‘தின்றது சுறா வஞ்சிரத்தை’ என்றுகூடச் சொல். செத்தது வஞ்சிரம்தான். ‘ஐ’ என்கிற உருபு வஞ்சிரத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறவரை அதற்குத் தப்பிக்க வழியில்லை. ஆங்கிலத்தில் ‘தி ஷார்க் ஏட் தி ஸீர்ஃபிஷ்’ என்பதில் இரண்டு பெயரையும் இடம் மாற்றினால் வஞ்சிரம் சுறாவைத் தின்றுவிடும். அங்கே உருபு இல்லை, நிற்கிற இடம்தான் உருபு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் வேற்றுமை விகுதிகள் இருந்தன, காலப்போக்கில் தேய்ந்து உதிர்ந்துவிட்டன. மிச்சம் இருப்பது ஹி-ஹிம், ஷி-ஹெர், ஹூ-ஹூம் மாதிரி சில சொற்களில்தான். ‘ஹிம் கேம்’ என்று எழுதினால் ஏன் தவறு என்பது இப்போது புரியும். ‘அவனை வந்தான்’ என்று நீ சொல்வாயா?

வாக்கியம் என்பது மணி கோத்த மாதிரி வெறும் வரிசையும் இல்லை. உள்ளே கட்டு இருக்கிறது. ‘பெரிய மீன் கூடை’ என்றால் பெரியது மீனா கூடையா? பெரிய மீனைப் போட்டுவைக்கும் கூடை என்றும் எடுக்கலாம், மீன் போடுகிற கூடைகளில் பெரியது என்றும் எடுக்கலாம். சொல் மூன்றும் அதேதான், வரிசையும் அதேதான். எதை எதோடு முதலில் சேர்த்துக் கட்டுகிறோம் என்பதில்தான் அர்த்தம் மாறுகிறது. உன் பாடத்தில் கிளை கிளையாகப் படம் போடச் சொல்வார்களே, ட்ரீ டயக்ராம், அது இந்தக் கட்டைக் காட்டத்தான். இந்தக் கூடைக்கு இரண்டு படம் போட்டுப் பார், அதற்கப்புறம் அந்த யூனிட்டில் பயம் இருக்காது.

நோம் சாம்ஸ்கி என்ற அமெரிக்க மொழியியலாளர் பெயர் கட்டாயம் வரும். 1957-ல் வந்த அவருடைய முதல் பெரிய நூலில் ஒரு வேடிக்கையான வாக்கியம் இருக்கிறது. தமிழில் சொன்னால், ‘நிறமற்ற பச்சை எண்ணங்கள் ஆவேசமாகத் தூங்குகின்றன.’ அர்த்தம் ஒன்றுமில்லை. பச்சைக்கு நிறம் இல்லாமல் இருக்காது, எண்ணம் தூங்காது. ஆனால் இலக்கணப் பிழை என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியாது. அதே சொற்களைக் கலைத்துப் போட்டால் அது வாக்கியமே இல்லை என்று காது சொல்லிவிடும். ஆக, பொருள் வேறு, தொடரமைப்பு வேறு. அந்த உதாரணம் அங்கே வந்ததற்கு அதுதான் காரணம். அதை மனப்பாடம் பண்ணி எழுதுகிற பிள்ளைகள் நிறைய, எதற்கு என்று எழுதுகிறவர்கள் குறைவு.

சொல் வகைக்கு வருவோம். ‘நௌன் என்றால் பெயர், ஆள், இடம், பொருள், வெர்ப் என்றால் செயல்’ என்று படித்திருப்பாய். அந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு ‘வாட்டர்’ என்ன வகை என்று சொல் பார்க்கலாம். மெட்ரோ வாட்டர் லாரி வரும்போது அது பெயர். ‘வாட்டர் தி பிளான்ட்ஸ்’ என்றால் அது வினை. பொருளை வைத்துப் பிடித்தால் நழுவும். எங்கே நிற்கிறது, எதை ஒட்டிக்கொள்கிறது என்று பார்க்கணும். முன்னால் ‘தி’ நிற்குமா? பெயர். கடைசியில் இ, டி என்ற இரண்டு எழுத்து ஒட்டி நேற்றைக்குப் போகுமா? வினை. இது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த புது முறை என்று நினைக்காதே. வினை என்பது வேற்றுமை கொள்ளாது, காலத்தோடு தோன்றும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. செயல் கியல் என்ற பேச்சே இல்லை. எதை ஏற்கும், எதை ஏற்காது என்பதுதான் விளக்கம். இன்றைய மொழியியல் வகுப்பில் கொண்டுபோய் வைத்தாலும் செல்லும்.

நம் தெருவிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. ‘அட்ஜஸ்ட் பண்ணு’, ‘ட்ரை பண்ணினான்’, ‘டென்ஷன் ஆயிட்டாரு’. ஆங்கில வினையை எடுத்தாலும் அதற்கு நேரடியாகத் தமிழ்க் காலவிகுதி போடுவதில்லை. ‘அட்ஜஸ்டினான்’ என்று யாரும் சொல்வதில்லை. வந்த விருந்தாளியைப் பெயராக உட்காரவைத்துவிட்டு, காலம் காட்டுகிற வேலையைப் ‘பண்ணு’வுக்கும் ‘ஆகு’வுக்கும் கொடுத்துவிடுகிறோம்.

அடுத்து ஒலி. இந்தப் பகுதியைத் தமிழில் எழுதுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது, அந்தச் சங்கடம்தான் பாடமே. குண்டூசிக்கு ஆங்கிலத்தில் பின். குப்பைத்தொட்டிக்கும் பின். பார், இரண்டையும் நான் ஒரே மாதிரிதான் எழுத முடிகிறது. ஆங்கிலக்காரருக்கு அவை இரண்டு வேறு சொற்கள், முதல் ஒலி மட்டும் வேறு. ஒரே ஒரு ஒலி மாறினதும் சொல்லே மாறினால் அந்த இரண்டும் தனித்தனி ஃபோனீம், ஒலியன். இப்போது ‘பம்பரம்’ என்று சத்தமாகச் சொல். முதல் ப-வும் மகரத்துக்குப் பின்னால் வரும் ப-வும் ஒன்றா? கழுத்தில் விரலை வைத்துச் சொல்லிப் பார். இரண்டாவதில் தொண்டை அதிரும். முதலாவது குண்டூசி, இரண்டாவது குப்பைத்தொட்டி. நாம் பிறந்ததிலிருந்து இரண்டையும் சொல்லிக்கொண்டிருக்கிறோம், வித்தியாசமாகக் காதில் விழுவதில்லை. ஏனென்றால் எது எங்கே வரும் என்பதை இடமே தீர்மானித்துவிடுகிறது. அதனால் தமிழுக்கு ஓர் எழுத்து போதும். இப்படி ஒரே ஒலியனின் இரண்டு வேஷத்துக்கு அலோஃபோன், மாற்றொலி என்று பெயர்.

அவர்களுக்கும் இப்படிக் கேட்காத காது உண்டு. பஸ் டிக்கெட்டை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஒரு லண்டன்காரர் குண்டூசியைச் சொன்னால் டிக்கெட் படபடக்கும், ‘ஸ்பின்’ என்று சொன்னால் ஆடாது. அங்கே இரண்டு விதமான ப. இந்திக்காரர் அதை இரண்டு எழுத்தாக எழுதுவார், ஆங்கிலக்காரர் கவனிப்பதே இல்லை. அதேபோல் நமக்கு வலை வேறு, வளை வேறு. வலையை விரித்தால் மீன், வளையைப் போட்டால் கை. அவர்களுக்கு இரண்டும் ‘ல’தான். ஆங்கிலத்தில் எழுத்து 26. பிரிட்டிஷ் உச்சரிப்பில் ஒலியன்களை எண்ணினால் 44 வரை வரும். எழுத்துக்கும் ஒலிக்கும் அங்கே ஏன் இவ்வளவு தகராறு என்பதற்கு இந்தக் கணக்கே பாதி பதில்.

இந்த இடத்தில் ஒரு சொந்தக் கதை. ஏழாவது படிக்கும்போது ‘இஸ்கூல்’ என்று சொன்னதற்காக ஒரு ஆசிரியை என்னை வகுப்பு முன்னால் நிறுத்தி நாலு தரம் சொல்லவைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அது அறியாமை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ‘ராயபுரம்’ என்று சில போர்டில் இருக்கும், ‘இராயபுரம்’ என்று சில போர்டில் இருக்கும், பார்த்திருப்பாய். ர-வில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பது இலக்கண விதி, அதனால் முன்னால் ஓர் ‘இ’ போட்டுத் தூக்கிவிடுகிறோம். இரண்டு மெய் சேர்ந்து வந்தும் தமிழ்ச் சொல் தொடங்காது, அதனால் ‘ஸ்கூல்’ முன்னாலும் அதே ‘இ’. இராயபுரம் என்று எழுதினால் புலவர், இஸ்கூல் என்று சொன்னால் குப்பம். வேலை என்னவோ ஒரே வேலை. ஸ்பானிஷ்காரர்கள் பள்ளிக்கூடத்தை ‘எஸ்குவேலா’ என்கிறார்கள், அவர்களை யாரும் எழுப்பி நிறுத்துவதில்லை. சரி, உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளலாம், தப்பில்லை. நாக்கை ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுத்துவிட்டு ‘கூல்’ சொன்னால் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

பன்மைக்கு ஆங்கிலத்தில் ‘எஸ்’ போடு என்கிறார்கள். எழுத்தில் ஒன்றுதான், வாயில் மூன்று. ‘கேட்ஸ்’ என்பதில் வெறும் காற்று. ‘டாக்ஸ்’ என்பதில் தொண்டை அதிரும், வண்டு ரீங்காரம் மாதிரி. ‘பஸ்ஸஸ்’ என்பதில் நடுவில் ஓர் உயிரே நுழைந்துவிடுகிறது. முன்னால் இருக்கிற ஒலியைப் பொறுத்து இப்படி. நம்முடைய ‘கள்’ மட்டும் என்ன யோக்கியம்? மரம் மரங்கள் ஆகிறது, கல் கற்கள் ஆகிறது, பூ பூக்கள் ஆகிறது. நாள்களா நாட்களா என்று தமிழாசிரியர்கள் போடுகிற சண்டை தனி. ஒரே உருபன், இடத்துக்கு ஒரு முகம். அலோமார்ஃப், மாற்றுருபன். புணர்ச்சி விதி படித்தவளுக்கு இது பழைய சோறு.

‘எ’, ‘ஆன்’ குழப்பமும் ஒலியைப் பற்றியதுதான். எழுத்தைப் பார்க்காதே, காதில் விழுகிற முதல் ஒலி உயிரா என்று பார். ‘ஆன் எம்.எல்.ஏ.’, ஏனென்றால் வாயில் வருவது ‘எம்’. ‘எ யூனிவர்சிட்டி’, ஏனென்றால் வாயில் வருவது ‘யூ’. ஒரு மரம், ஓர் ஊர் என்று எழுதுகிறோமே, அதே சூட்சுமம்.

நம் பக்கத்துப் பெயர்களிலேயே பாடம் கிடக்கிறது. கட்டுமரம் என்றால் கட்டு, மரம், இரண்டு உருபன். அப்பா மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான், எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே முடிச்சு தெரியும். அது ஆங்கிலத்துக்குப் போய் ‘கட்டமரான்’ ஆனதும் உடைக்க முடியாத ஒரே கட்டி. அவர்களுக்கு அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. உருபன் என்பது ஒலியில் மட்டும் இல்லை, பேசுகிறவர் தலைக்குள் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இதற்கு எதிர்த்திசையில் போனது திருவொற்றியூர் பக்கம் இருக்கிற காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசஃப் காலட் நெசவாளர்களுக்காக ஏற்படுத்திய ஊர், காலட் பேட்டை. ‘காலட்’ நமக்கு எந்த அர்த்தமும் தரவில்லை, வாய் அதைக் ‘காலடி’ ஆக்கிக்கொண்டது. தெரியாத சொல்லுக்குத் தெரிந்த சட்டை மாட்டுவது. ஃபோக் எட்டிமாலஜி என்று கேள்வி வந்தால் தைரியமாக இதை எழுது.

வரலாறு கொஞ்சம் கேட்பார்கள். சசூர் என்ற சுவிஸ் அறிஞரின் விரிவுரைகளை அவர் இறந்தபின் மாணவர்களின் குறிப்புகளைக் கொண்டு 1916-ல் நூலாக்கினார்கள், நவீன மொழியியல் அங்கிருந்து என்பது வழக்கம். அதற்கு நூறு வருஷம் முன்னால் நம் ஊரில் ஒன்று நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு வந்த இளவட்ட ஆங்கிலேயர்களுக்குத் தமிழும் தெலுங்கும் கற்றுத்தர 1812-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கினார்கள். அதை முன்னின்று நடத்திய எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி, தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று 1816-ல் அச்சில் வாதிட்டார். திராவிட மொழிகளை ஒப்பிட்டுக் கால்டுவெல் எழுதிய ஒப்பிலக்கணம் வந்தது 1856. அதே வருஷம்தான் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து தெற்கின் முதல் ரயில் கிளம்பியது, வருஷத்தை ஞாபகம் வைக்க உனக்கு வசதி.

கடைசியாக, பரீட்சையில் மார்க் போகிற இரண்டு இடம். ‘நேத்தே வந்துகீறான்’ என்று நாம் சொல்வோம், சரிதான். அதை அப்படியே ‘ஹி ஹாஸ் கம் எஸ்டர்டே’ ஆக்கினால் ஆங்கிலத்தில் தவறு. ‘ஹாஸ் கம்’ என்பது இப்போதைக்கு வாசலைத் திறந்துவைத்திருக்கிற வடிவம். நேற்று என்று மூடிப்போன காலத்தைச் சொல்லிவிட்டால் ‘கேம்’ மட்டும்தான். இந்த ஒரு இடத்தில் நம் பாஷை உன்னைத் தடுமாற வைக்கும், ஜாக்கிரதை.

இரண்டாவது, ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்’. இதற்குத் தமிழைக் குறை சொல்கிறவர்கள் தமிழைக் கவனிக்காதவர்கள். ‘எனக்குத் தெரிஞ்சிகினு கீது’ என்று நீ சொல்வாயா? ‘எனக்கு ரெண்டு அண்ணன் இருந்துகினு கீறாங்க’? காது கூசும். கினு ஒட்டாத வினையில் பெரும்பாலும் ‘இங்’கும் ஒட்டாது. நூற்றுக்கு நூறு பொருந்தாது, ஆனால் சந்தேகம் வந்தால் முதலில் இப்படிச் சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் எழுது.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டாய். இன்றைக்கு ராத்திரி ஒரே ஒரு தொடர்: ‘இட்டுக்கினு போயிருக்கலாம்.’ துண்டு துண்டாக உடை, ஒவ்வொரு துண்டுக்கும் என்ன வேலை என்று பக்கத்தில் எழுது, அப்புறம் கடைசியிலிருந்து திருப்பி ஆங்கிலத்தில் எழுதி எனக்கு அனுப்பு. அந்த ‘இட்டு’ எங்கிருந்து வந்தது என்று மட்டும் முதலில் உன் ஆயாவைக் கேட்டுவிட்டு வா.